அம்புரோஸ் கடையில் தொங்கிய கிழவி

பிரிக்ஃபீல்ட்ஸில் படங்களுக்குச் சட்டம் போடும் அம்புரோசுக்கு நான் மூவாயிரம் வெள்ளி கடன்பட்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் வாங்கியது. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டி கிடையாது. முப்பத்தொன்பது வருஷம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

நான் கடனை இழுத்தடிக்கிற ஆள் இல்லை. கிள்ளானில் லோரி வைத்திருக்கும் எவரிடம் வேண்டுமானாலும் தம்புசாமி என்று கேட்டுப் பாருங்கள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்குப் பதினோரு லோரி ஓடுகிறது, பத்தொன்பது பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள், பேங்க் மேனேஜர் என்னைப் பார்த்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். எல்லாம் என் கையால் சம்பாதித்தது. முதல் லோரி மட்டும் அம்புரோஸ் காசு.

அவனைப் பற்றி எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா கடை நம்பரைத் தப்பாப் போட்டு ஆளுங்களை அலைய விட்டுடாதே" என்றான். அதனால் நம்பரே போடவில்லை. ஸ்காட் ரோட்டுக்குப் பின்சந்தில் போய்க் கேட்டால் காட்டுவார்கள்.

அம்புரோஸின் அப்பா ரயில்வேயில் சிக்னல்காரர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, மாதா கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவன். மூன்றாம் பாரம் வரை இங்கிலீஷில் படித்தான். ஆனாலும் ஆபீஸ் வேலைக்குப் போகாமல், சாலாக் செலாத்தானில் ஒரு சீனர் கடையில் கண்ணாடி வெட்டவும் சட்டம் அடிக்கவும் கற்றுக்கொண்டு, இருபத்து மூன்று வயதில் சொந்தக் கடை திறந்தான். அந்தக் கடைக்குக் கண்ணாடி கொண்டுவரும் லோரியில் நான் கெலிண்டான், டிரைவரோடு போய்ச் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். கண்ணாடியை இறக்கும்போது அவனும் கூடவே ஒரு முனையைப் பிடிப்பான். முதலாளியாகவும் இருந்துகொண்டு சுமையையும் பிடித்த ஆளை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

அவன் கடைக்கு முருகனும் வருவார், மாதாவும் வருவார், பட்டதாரிப் பிள்ளைகளும் வருவார்கள். அதிகமாக வருவது இறந்தவர்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓடி வருவார்கள். அம்புரோஸ் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு அந்தப் படத்தைத்தான் முதலில் எடுப்பான். அதற்குக் கூலி பேச மாட்டான். கொடுத்ததை வாங்கிக்கொள்வான்.

எண்பத்து நான்கில் ஒரு பழைய லோரி விலைக்கு வந்தது. என்னிடம் இருந்தது எழுநூறு வெள்ளி. முன்பணத்துக்கு இன்னும் மூவாயிரம் வேண்டும். நான் அவனிடம் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. கண்ணாடி இறக்கும்போது கதையாகச் சொன்னேன், அவ்வளவுதான். மறுவாரம் போனபோது பிஸ்கட் டப்பாவிலிருந்து பணத்தை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தான்.

"ஏதுடா இவ்வளவு?"

"கல்யாணக் காசு. வெரோனிகாகிட்ட சொல்லிட்டேன். அடுத்த வருஷம் வச்சுக்கலாம்னா."

ஈஸ்டர் முடிந்து நடக்க வேண்டிய கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போனது. என் லோரிக்காக அந்தப் பெண் காத்திருந்தாள். கல்யாணத்தன்று நான் போய் நின்றபோது, "என்ன தம்பு அண்ணே, உங்க லோரிக்குத்தான் முதல்ல தாலி கட்டினாராமே இவரு" என்று சிரித்தாள்.

எண்பத்து ஏழில் கவரில் பணத்தைப் போட்டுக்கொண்டு போனேன். "உன்கிட்டயே இருக்கட்டும்டா. வேணும்கிறப்ப கேக்குறேன்" என்றான். அப்போது இரண்டாவது லோரி வாங்க யோசித்துக்கொண்டிருந்தேன். கவரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கடன் எனக்கு ஒரு மாலை மாதிரி ஆகிவிட்டது. எந்த மேடையில் பொன்னாடை போட்டாலும் மைக்கைப் பிடித்து, "இந்த உலகத்தில் நான் ஒரே ஒருவனுக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்" என்பேன். கை தட்டுவார்கள். பொன்னாடைப் படங்கள் மொத்தம் இருபத்தேழு. எல்லாவற்றுக்கும் அம்புரோஸ்தான் சட்டம் போட்டான். கூலி அன்றன்றைக்கே கொடுத்துவிடுவேன்.

கிழவி படமும் என் லோரியில் வந்ததுதான். காப்பார் பக்கம் ஒரு தோட்டம் கைமாறியபோது, வெள்ளைக்கார மேனேஜர் காலத்துப் பங்களாவைக் காலி செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. உடைந்த நாற்காலி, கரையான் தின்ற புத்தகம், சுவரில் தொங்கிய படங்கள். பழைய சட்டமும் கண்ணாடியும் அம்புரோசுக்கு உதவும் என்று ஏழெட்டை அவன் கடையில் இறக்கினேன். மற்றவற்றைப் பிரித்து மரத்தை எடுத்துக்கொண்டான். ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை.

தலையில் முக்காடு போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி. பென்சிலில் வரைந்தது. குனிந்து எதையோ பார்க்கிறாள், எதை என்று தெரியாது. சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். அதைக் கடையின் பின்சுவரில், மேசைக்கு நேர் எதிரே மாட்டினான். யார் கேட்டும் விற்கவில்லை.

"இதுல என்னடா இருக்கு? கலர் கூட இல்ல."

"நெத்தியைப் பாரு. கோடு ஒண்ணு ரெண்டுதான். ஆனா சுருக்கம் தெரியுது, எலும்பு தெரியுது. இதைப் போட்டவனுக்குக் கை நடுங்கலடா."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

இப்படி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் போனது. அம்புரோசுக்கும் வெரோனிகாவுக்கும் பிள்ளை இல்லை. கடைக்கு மேலே ஓர் அறையில் குடித்தனம். கொரோனா முடிந்து அடுத்த வருஷம், வெரோனிகா மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார ஆரம்பித்தாள். நெஞ்சில் வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு அக்டோபரில் தேதி. அப்போது ஜனவரி. அங்கிருந்த டாக்டரே, முடிந்தால் அவ்வளவு நாள் வைத்திருக்காதீர்கள் என்றாராம். தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்வார்கள். எழுபதாயிரம் வெள்ளி.

கேள்விப்பட்டதும் காரை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். வாசலிலிருந்தே, "எவ்வளவு வேணும்னு சொல்லுடா, இப்பவே செக் எழுதுறேன். எழுபதா, எண்பதா?" என்றேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்புரோஸ் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வேணும்னா கேக்குறேன்டா."

அவன் கேட்கட்டும் என்று நான் இருந்தேன். கேட்டால் மறுநிமிஷம் கொடுத்திருப்பேன். அது உண்மை.

அந்த மாசமே விஷ்ணுப்ரியா என்று ஒரு பெண், தன் தாத்தா படத்துக்குச் சட்டம் போட வந்தாள். ஏலக் கடையில் வேலை செய்கிறவள். பழைய ஓவியங்கள், பழைய நாணயங்கள் எல்லாம் அங்கே ஏலத்துக்கு வரும். கிழவியைப் பார்த்தவள் தாத்தாவை மறந்துவிட்டாள்.

"அங்கிள், இது பிரிண்ட் இல்ல. கையால வரைஞ்சது. பேப்பரே முந்நூறு வருஷம் இருக்கும் போல. எங்க கிடைச்சது?"

"இவன் லோரில" என்று பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினான் அம்புரோஸ்.

போட்டோ எடுத்து லண்டனுக்கு அனுப்பினாள். இரண்டு பேர் பார்த்தார்களாம். ஒருவர், இது இன்னாருடைய கைதான் என்று ஒரு பெரிய இத்தாலிக்காரர் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. இன்னொருவர், இல்லை, அவரிடம் படித்த யாரோ போட்டது என்றார். கையெழுத்து இல்லாத படம், யார் என்று எப்படிச் சொல்வது? முதல் ஆள் காட்டிய ஆதாரம் நெற்றிதான். அந்த நாலைந்து கோடுகளை அப்படி இழுக்க வேறு ஆளால் முடியாது என்று எழுதியிருந்தார். அம்புரோஸ் இங்கிலீஷில் அதைப் படித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"சிங்கப்பூர்ல வாங்குறவரு ஒருத்தரு இருக்காரு, அங்கிள். அவரு நேர்ல பாத்து நம்பிட்டா தொண்ணூறாயிரத்துக்குக் குறையாது" என்றாள் விஷ்ணுப்ரியா. "அந்தப் பழைய கண்ணாடி பேப்பர்ல ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. நீங்களே கழட்டிடுங்க, உங்க கை நல்ல கை. கழட்டினதுக்கு அப்புறம் யாரும் தொடக் கூடாது லா. ஒரு விரல் கூட."

அம்புரோஸ் அரைநாள் எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினான். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் படத்தை வைத்து, கனமான அட்டையில் மூடி, நாடா கட்டினான். ஏலக் கடையில் சிங்கப்பூர்க்காரர் பார்வைக்கு வைக்கும் நாள் வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் வெரோனிகாவுக்கு மூச்சு முட்டி அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவன் அங்கேயே தங்க வேண்டும். மாடியில் மழை ஒழுகும். ஆஸ்பத்திரிக்கு வந்த என் கையில் அட்டையைக் கொடுத்தான்.

"உன் வீட்டுல வை. காலைல என்னை இங்க வந்து ஏத்திக்கோ. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல."

இனி நடந்ததை நேராகவே சொல்கிறேன்.

என் வீட்டிலிருந்து எது பெரிய காரியத்துக்குப் புறப்பட்டாலும் சாமி மேடையில் வைத்து, பொட்டு வைத்துத்தான் அனுப்புவேன். நிலப் பத்திரத்தின் மூலைக்கு வைத்திருக்கிறேன், மகளின் பரீட்சைச் சீட்டுக்கு வைத்திருக்கிறேன். பதினோரு லோரிக்கும் முதல் நாள் பொட்டு என் விரலால்தான். என் மனைவி தங்கமணியைக் கூட வைக்க விட்டதில்லை. என் கை ராசியான கை என்று ஊரே சொல்லும்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தேன். நாடாவை அவிழ்த்து, அட்டையைத் திறந்து, மேல் தாளை விலக்கி விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். கிழவி குனிந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. சந்தனத்தைக் குழைத்து வைத்தேன், அதன் மேல் குங்குமம் வைத்தேன். மாதா படமோ முருகன் படமோ, நான் பொட்டு வைத்த எல்லாப் படத்துக்கும் கண்ணாடி இருந்தது. வைத்த பிறகுதான் விரலில் தாளின் சொரசொரப்பு தட்டியது.

ஈரம் பரவ ஆரம்பித்தது. முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு. நனைத்த துணியால் ஒற்றினேன், போகவில்லை. துடைத்தேன். சிவப்போடு பென்சிலும் சேர்ந்து வந்தது. நெற்றியில் இருந்த கோடுகள் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிட்டன.

தங்கமணி சமையலறையிலிருந்து, "என்னங்க, கிளம்பலையா?" என்றாள். அட்டையை மூடி நாடாவைக் கட்டினேன். அவன் கட்டியிருந்த முடிச்சு மாதிரியே கட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்புரோஸ் காரில் ஏறினான். இரவெல்லாம் தூங்காத முகம். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "வெரோ கேட்டா, வித்துட்டா அந்தச் சுவத்துல என்ன மாட்டுவீங்கன்னு. உன் படத்தை மாட்டுறேன்டின்னு சொன்னேன்" என்றான். நான் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். லோரிகளைப் பற்றி ஏதோ பேசினேன்.

விஷ்ணுப்ரியா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நாடாவை அவிழ்த்தாள். சிங்கப்பூர்க்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். மேல் தாளை எடுத்தாள். "அங்கிள், என்ன இது?" என்றாள். அது அழுகிற குரல்.

அம்புரோஸ் படத்தைப் பார்த்தான். பிறகு மேசை மேல் ஊன்றியிருந்த என் கையைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டேன்.

"நான்தான்மா" என்றான் அம்புரோஸ். "கடைல சாமிப் படம் கிடந்துச்சு. குங்குமம் கொட்டி இருந்ததைப் பாக்கல. அந்தக் கையோட தொட்டுத் துடைச்சுட்டேன்."

"நாப்பது வருஷமா இந்த வேலை செய்றீங்க, அங்கிள்."

"ஆமாம்மா."

வாயைத் திறக்க எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும். திறக்கவில்லை. கிள்ளான் தம்புசாமி கோட்டுப் போட்ட ஒரு சிங்கப்பூர்க்காரன் முன்னால், ஒரு சின்னப் பெண் முன்னால், பொட்டு வைத்துக் கெடுத்தேன் என்று நின்றால் நன்றாக இருக்குமா? அப்படித்தான் நினைத்தேன்.

சிங்கப்பூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டார். சுத்தம் செய்யலாமா என்று அம்புரோஸ் கேட்டான். கறை கொஞ்சம் போகலாம், கோடு திரும்பி வராது என்றாள் விஷ்ணுப்ரியா. அது அந்த இத்தாலிக்காரர் கையா, சிஷ்யன் கையா என்று இனிமேல் யாரும் சண்டை போட வேண்டியதில்லை. சண்டைக்கு இருந்த இடமே போய்விட்டது.

அம்புரோஸைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். "வரேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏலத்தில் யார் வரைந்தது என்று தெரியாத, கறை படிந்த படம் என்று போட்டார்கள். இரண்டாயிரத்து எண்ணூறுக்குப் போனது. அவர்கள் கமிஷன் போக இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.

அதன் பிறகு நான் அவனிடம் பணம் வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டேன், மூன்றும் போனில். மூன்றாவது தடவை, "கேட்டுக்கிட்டே இருக்கியேடா" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே தெரியும். தனியார் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்ப் பணத்தைக் கட்டியிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? ஆனால் சும்மா எழுபதாயிரம் கட்டினால், ஏன் என்று கேட்பானே என்று பயம். அக்டோபர் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாசம்தான் பன்னிரண்டாவது லோரி பார்க்க ரவாங் போனேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெரோனிகா இறந்துபோனாள். மாடிப்படியில், பாதியில் உட்கார்ந்தபடி.

நான் போனபோது சவப்பெட்டி இன்னும் வரவில்லை. அம்புரோஸ் கீழே கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்து, அவனே கண்ணாடி வெட்டினான், அவனே ஆணி அடித்தான். யாரையும் உதவிக்கு விடவில்லை. சட்டம் புதிதல்ல. கிழவியைக் கழற்றிய பிறகு காலியாகக் கிடந்த அதே பழைய சட்டம். வெரோனிகாவின் முகம் அதற்குள் சரியாகப் பொருந்தியது.

அடக்கத்துக்கு லோரியில் நாற்காலி, கூடாரம் எல்லாம் அனுப்பினேன். ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டேன். நல்லா செய்தார் தம்புசாமி என்று நாலு பேர் சொன்னார்கள். காதில் விழுந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைக்குப் போனேன். கையில் பை. அவன் தனியாக இருந்தான். பின்சுவரில், கிழவி இருந்த ஆணியில் வெரோனிகா.

"அந்தப் பொட்டு நான் வச்சது" என்றேன்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அங்கயேதான். விரலை நீ சரியாக் கழுவலடா. நகத்து ஓரத்துல செவப்பு."

"அப்புறம் ஏன் உன் மேல போட்டுக்கிட்ட?"

கட்டையில் இருந்த தூசியைத் தட்டினான். "அந்தாளு முன்னாடி உன்னை நிறுத்த வேணாம்னு தோணுச்சு. காருல நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பாத்தேன். அப்புறம் ஏலத்துக்கு நீ வருவேன்னு பாத்தேன். அப்புறம் பாக்குறதை விட்டுட்டேன்."

பையை மேசை மேல் வைத்தேன். "எழுபதாயிரம் இருக்குடா. எண்ணிப் பாத்துக்கோ."

"எதுக்கு?"

"ஆப்பரேஷனுக்கு ஆகியிருக்கும்ல."

"என் நெஞ்சுல ஒரு கோளாறும் இல்லையே, தம்பு."

வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தேன். அவன் பையைத் திறந்து கூடப் பார்க்கவில்லை. என் பக்கமே தள்ளினான்.

"இதை வாங்கினா நீ குடுத்துட்டேன்னு ஆயிடும். வேணாம். எனக்கு நீ மூவாயிரம் தரணும். வேணும்கிறப்ப கேக்குறேன்னு சொல்லியிருந்தேன்ல. இப்ப கேக்குறேன், குடு."

"வட்டியாவது போட்டு..."

"அது வட்டிக்கு விட்ட காசு இல்ல. என் கல்யாணக் காசு."

பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டைப் பிரித்தேன். அவன் வலது கையை நீட்டினான். உள்ளங்கை முழுக்கக் கண்ணாடி கிழித்த பழைய வெள்ளைக் கோடுகள். இத்தனை வருஷத்தில் அந்தக் கை என் முன்னால் இப்படி நீண்டு நான் பார்த்ததில்லை. நூறு வெள்ளி நோட்டாக ஒவ்வொன்றாக வைத்தேன். பத்து வந்தபோது அவன் கண் நோட்டில் இல்லை, ஆணியில் இருந்தது. இருபதில் எண்ணிக்கை தப்பிவிட்டது எனக்கு. அவன் மெதுவாக, "இருபத்தொண்ணு" என்றான். அங்கிருந்து தொடர்ந்து, முப்பதாவது நோட்டையும் அந்தக் கையில் வைத்தேன்.